கிளச் வயர்

எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் கோபக்காரன் யார் என்று கேட்டால் சின்னப்பிள்ளைகூட மாயாண்டியின் வீட்டைக் காட்டும். கவ்வாத்துக்காரன். முற்றிய தேயிலைச் செடியின் கிளைகளை ஒரே வெட்டில் சாய்க்கும் வலது கை. அதே கையால் ஒருமுறை கங்காணியின் பல்லையும் உடைத்திருக்கிறான். பெண்சாதி மீனம்மாவை அடித்ததும் உண்டு, அவள் அகப்பையால் திருப்பிக் கொடுத்ததும் உண்டு. மகள் லோஜினியிடம் மட்டும் அந்தக் கை ஓங்கியதில்லை.

நாட்டில் பெட்ரோலும் மாவும் காணாமல் போன வருசம் லோஜினி பிள்ளைத்தாச்சி. உடம்பில் ரத்தமில்லை, இறைச்சி, முட்டை கொடுங்கள் என்று கிளினிக்கில் சொன்னார்கள். சொல்வதற்கென்ன? எங்களுக்கு ரொட்டியே அரை வயிற்றுக்குத்தான். முட்டை விலையைக் கேட்ட மாயாண்டி, கடைக்காரனின் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டு வெறுங்கையோடு திரும்பினான்.

மருமகன் கஜேந்திரனின் ஆட்டோ மாதக்கணக்கில் வாசலில் கிடந்தது. ஓடாத வண்டிக்கு வயர் எதற்கு என்று மாயாண்டி அதன் கிளச் வயரை யாருக்கும் தெரியாமல் உருவினான். தேயிலை மலையில் காட்டுப்பன்றி வரும் தடத்தில் சுருக்கு வைத்து, தேயிலைச் செடியின் தடித்த கிளை வாதில் கட்டினான்.

மறுநாள் விடியலில் போய்ப் பார்த்தால் சுருக்கில் சிறுத்தை. இடுப்பில் வயர் இறுகி, வாயெல்லாம் நுரையாக மண்ணைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

நானாக இருந்தால் ஓடிவந்திருப்பேன். ஆனால் காலைப் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டுப் பெண்கள் கொழுந்தெடுக்க ஏறப்போவது அந்த மலைக்குத்தான். முதல் நிரை மீனம்மாவுடையது, திமிறி வாது முறிந்தால் அவள்மேல்தான் பாயும். ஆள் கூப்பிட்டால் சுருக்கு வைத்ததற்குப் பொலிஸ் வரும், மகள் பேறுகாலத்தில் இவன் மறியலில் கம்பி எண்ணிக்கொண்டிருப்பான். வயரை வெட்ட முடியாது, வாதை வெட்டலாம். கத்தியை எடுத்து ஒரே வெட்டு.

சிறுத்தை காட்டுப் பக்கம் ஓடும் என்று நினைத்தான். அது அவன்மேல் பாய்ந்து வலது கையை முழங்கையிலிருந்து கிழித்தது. இடது கையால் அதன் மூக்கில் குத்திக்கொண்டே இருந்தான். பிறகுதான் விட்டுவிட்டு, வயரோடும் வாதோடும் ஓடியது.

லயத்து வாசலில் வந்து விழுந்தபோது எலும்பு தெரிந்தது. மீனம்மா சேலையைக் கிழித்துக் கட்டினாள், அதுவும் நனைந்து சொட்டியது. கஜேந்திரன் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு போத்தல் பெட்ரோலோடு ஓடிவந்தான். லோஜினிக்கு வலி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகவென்று யாருக்கும் சொல்லாமல் ஒளித்து வைத்திருந்தானாம்.

"மாமாவ ஏத்துங்க!" என்று கத்தியபடி ஊற்றி ஸ்டார்ட் செய்தான். இஞ்சின் உறுமியது. கிளச் பிடி தொளதொளவென்று ஆடியது.

"வயர் எங்க? எந்த நாய் கழட்டுனது?"

பின்சீட்டிலிருந்து மாயாண்டி சொன்னான், "காட்டுக்குள்ள ஓடுது மாப்புள்ள."

கஜேந்திரன் ஓங்கிய கையை எங்கே இறக்குவதென்று தெரியாமல் வண்டிக் கண்ணாடியைக் குத்தி உடைத்தான். மாயாண்டியைக் கம்பளியில் போட்டுக் கொட்டகலை ஆஸ்பத்திரி வரைக்கும் மாறிமாறித் தூக்கிப் போனோம். வழியெல்லாம் எங்களைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே வந்தான். அந்தத் திட்டு நின்றபோதுதான் நாங்கள் ஓடத் தொடங்கினோம்.

உயிர் தப்பியது, கையை எடுத்துவிட்டார்கள். நேரத்தோடு கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை அவனிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம்.

லோஜினிக்கு வலி வந்த அன்று, வேறு வயர் மாட்டிய வண்டியில் அவளை ஏற்றும்போது, கஜேந்திரன் டாக்டர் சொன்னதை மாமனின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். வண்டியோ ஸ்டார்ட் ஆகாமல் முரண்டு பிடித்தது. மாயாண்டி அடிக்கப் போகிறான் என்று நான் குறுக்கே பாய்ந்தேன். அவன் என்னை விலக்கிவிட்டு, இருந்த ஒரு கையால் வண்டியைத் தள்ளினான்.