டிரையர் சூடு

எங்கள் வீட்டில் எது கெட்டாலும் குற்றவாளி ஒருவர்தான்: ஈரம். ரேடியோ கரகரத்தால் ஈரம். தீக்குச்சி பற்றாவிட்டால் ஈரம். கணக்குப் பரீட்சையில் நான் கோட்டை விட்டதற்குக்கூட, தலை காயாமல் பள்ளிக்கூடம் போனதுதான் காரணம் என்று அப்பா தீர்ப்புச் சொன்னார்.

ஊட்டியில் இப்படிச் சொல்கிறவர் நிறையப் பேர் உண்டு என்றாலும், அப்பாவுக்கு அதில் கொஞ்சம் கூடுதல் உரிமை இருந்தது. கிளென்மார்கன் பக்கம் ஓர் எஸ்டேட் ஃபேக்டரியில் அவர் டீ மேக்கர். பச்சை இலை உள்ளே வந்து தூளாக வெளியே போகிறவரை எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு சிட்டிகைத் தூளைக் காதோரம் வைத்து நசுக்குவார். நொறுங்குகிற சத்தத்தை வைத்தே அதில் ஈரம் மிச்சமிருக்கிறதா என்று சொல்லிவிடுவார்.

ஃபேக்டரிக்காரர்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எது காய வேண்டியிருந்தாலும் அது டிரையருக்குப் போகும். தூளை உலர்த்துகிற அந்தப் பெரிய இயந்திரத்தின் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்தால் போதும். ஊரே வெயிலுக்குக் காத்திருக்கும் மழைக்காலத்தில் எங்கள் வீட்டு மோர்மிளகாய் மொறுமொறுவென்று இருக்கும். என் ஷூ, அக்காவின் நனைந்த புத்தகங்கள் எல்லாம் காலை பஸ்ஸில் அப்பாவின் பையில் போய், சாயங்காலம் காய்ந்து திரும்பும். எல்லாவற்றிலும் டீ வாசம் ஏறியிருக்கும். அப்பாவின் ஸ்வெட்டரில் அது போகவே போகாது. கொடியில் பத்து ஸ்வெட்டர் கிடந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு அவருடையதை எடுத்துவிடுவேன்.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருஷம் தேயிலை விலை விழுந்து கிடந்தது. அதைப் பேசும்போது பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். எனக்கு அதனால் வந்த கஷ்டம் ஒன்றே ஒன்றுதான். தீபாவளி கழிந்ததிலிருந்து அப்பா எதையும் டிரையருக்குக் கொண்டுபோக மறுத்தார். புதிதாக வந்த மேனேஜர் கண்டிப்பானவர், வெளிச் சாமானை உள்ளே விடுவதில்லை என்றார். அம்மா மோர்மிளகாயைத் துணியில் கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டாள். ஈர ஷூவோடு பள்ளிக்குப் போன நாளெல்லாம் அந்த மேனேஜரை மனதாரத் திட்டினேன்.

அக்கா பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனி, ஒரு பம்ப்பின் வரைபடத்தை முழுதாக வரைந்து பத்து நாளுக்குள் அனுப்பச் சொல்லியிருந்தது. பிடித்திருந்தால் வேலை. அவளிடம் இருந்ததோ சீனியர் ஒருத்தி கைமாற்றிவிட்ட பழைய லேப்டாப். வரைகிற சாஃப்ட்வேரைத் திறந்தாலே அசையாமல் நின்றுவிடும். மெமரி பற்றவில்லை, நாலு ஜிபியாவது வேண்டும் என்றார் பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த பாய். அப்பாவே போய் இரண்டு ஜிபி மெமரி இரண்டு வாங்கிவந்தார். விரல் நீளத்துக்குப் பச்சை அட்டை, ஓரத்தில் வரிசையாகத் தங்க நிறப் பற்கள்.

அக்கா லேப்டாப்பைக் கவிழ்த்து, ஸ்க்ரூவையெல்லாம் என் உள்ளங்கையில் போட்டுவிட்டு, பழைய மெமரியை எடுத்துப் புதியவை இரண்டையும் பொருத்தினாள். நாங்கள் நாலு பேரும் திரையையே பார்த்தோம். அது மூன்று ஜிபி என்றது.

கழற்றி மாட்டினாள். இடம் மாற்றி மாட்டினாள். என் ரப்பரை வாங்கி அந்தப் பற்களைத் தேய்த்துப் பார்த்தாள். ஒன்றை மட்டும் போட்டால் ஒழுங்காக இரண்டு காட்டியது. மற்றதை மட்டும் போட்டாலும் இரண்டு. எந்தப் பள்ளத்தில் செருகினாலும் இரண்டு. சேர்த்துப் போட்டால் மட்டும் மூன்று. கணக்கில் கோட்டை விட்ட எனக்கே இது அநியாயமாகப் பட்டது. வரைபடம் பாதி வந்து மறுபடி நின்றது. அழுகையை அடக்கும்போது அக்காவுக்கு மூக்கு நுனி சிவக்கும். அன்று நன்றாகவே சிவந்திருந்தது.

"ஏனுங்கப்பா, ஈரமா இருக்குமுங்களா?" என்று கேட்டேன். "டிரையர்ல வச்சு எடுத்துட்டு வாங்கப்பா. மேனேஜருக்குத் தெரியாம, ஒரே ஒருக்கா."

அம்மா என்னைச் சும்மா இருக்கச் சொன்னாள். அப்பா அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஈரமாத்தான் இருக்கோணும் அம்மிணி. நாளைக்குக் கொண்டுபோறேன்" என்றார்.

மறுநாள் வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சாயங்காலம் பனிமூட்டத்துக்குள் அப்பா படியேறி வந்ததும் ஓடிப்போய் ஸ்வெட்டரில் முகம் புதைத்துக் கட்டிக்கொண்டேன். அவர் ஸ்வெட்டருக்குள் கைவிட்டு, சட்டைப் பையிலிருந்து வெள்ளிக் காகிதப் பொட்டலத்தை எடுத்துத் தந்தார். வெதுவெதுவென்று இருந்தது.

"சூடா இருக்கு! அக்கா, டிரையர் சூடு!" என்று வீடு முழுக்கக் கத்தினேன்.

அக்கா பொட்டலத்தை வாங்கி மூக்கருகே வைத்து முகர்ந்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். அக்கா இரண்டையும் பொருத்தி ஆன் செய்தாள். நான்தான் முதலில் பார்த்தேன்.

"மூணுதானுங்கப்பா காட்..."

தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது. திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு அக்கா சொன்னாள்: "செரியாயிருச்சுங்கப்பா. ஈரந்தானுங்க."

"நெசமாவா கண்ணு?" அப்பா இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அவள் ஆமாம் என்றாள். அன்று ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அக்கா பம்ப்பை மூன்று துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வரைந்து, பாலிடெக்னிக் லேபில் ஒன்றாகச் சேர்த்து அனுப்பினாள். வேலை கிடைத்தது. பொய் சொன்னவளுக்கு வேலை, உண்மை சொன்ன எனக்குக் கிள்ளா என்று நான் பல நாள் அவளோடு பேசவில்லை.

அந்தப் பழைய லேப்டாப்பின் போர்டு எத்தனை போட்டாலும் மூன்றுக்கு மேல் எடுத்துக்கொள்ளாது. வாங்குவதற்கு முன் யாரும் அதைப் பார்க்கவில்லை. உலகத்திலுள்ள டிரையரையெல்லாம் வைத்தாலும் அது நாலு காட்டியிருக்காது. அப்பாவின் டிரையரோ தீபாவளியோடு அணைந்துபோயிருந்தது. ஃபேக்டரியைப் பூட்டிவிட்டார்கள். தெரிந்தால் அக்கா படிப்பை விட்டுவிடுவாள் என்று, அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, அப்பா தினமும் அதே காலை பஸ்ஸில் ஏறியிருக்கிறார். கண்டிப்பான மேனேஜர் என்று ஒருவரே இல்லை.

அக்கா வேலையில் சேர்ந்து ரொம்ப நாளுக்கப்புறம் இதையெல்லாம் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். மெமரியைக் கொண்டுபோன அன்று பகல் முழுக்க, பூட்டிய கேட்டுக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து பொட்டலத்தைக் கைக்குள் பொத்தி வைத்திருக்கிறார். கை வேர்த்தால் அதுவும் ஈரமாயிற்றே என்று தோன்றியதும், ஸ்வெட்டருக்குள்ளே நெஞ்சோடு வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு மாலை பஸ் வரும்வரை இருந்திருக்கிறார்.

அக்காவுக்கு ஒரு தடவை முகர்ந்ததும் தெரிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு அப்பாவின் ஸ்வெட்டரைக் கண்டுபிடிக்கிற நான், அன்று அதில் முகம் புதைத்து நின்றும், டீ வாசம் போய்விட்டிருந்ததைக் கவனிக்கவே இல்லை.