அப்பாவின் எடைக்கு வெல்லம்

எனக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மா பெருமாளிடம் துலாபாரம் வேண்டிக்கொண்டாள். தராசின் ஒரு தட்டில் ஆள், மறு தட்டில் வெல்லம். ஆள் நான் அல்ல, அப்பா. பெரிய காரியத்துக்குக் கொஞ்சமாக வேண்டினால் சாமி காதில் விழாது என்பது அவள் கணக்கு. அப்பாவோ, ஏறி உட்கார்ந்தால் ஸ்கூட்டரே முனகும் ஆள்.

நான் பிழைத்து வீடு வந்த பிறகுதான் விஷயம் அவருக்குத் தெரிந்தது. "என்னைக் கேக்காம என்னை எப்படிடி வேண்டிக்கலாம்?" என்று குதித்தார். மறுநாளே சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றி நடக்க ஆரம்பித்துவிட்டார். ராத்திரி வெறும் சப்பாத்தி. வருஷக்கணக்காக டாக்டர் சொல்லிக் கேட்காத மனிதர், வெல்லத்துக்குப் பயந்து கேட்டார். அம்மா சும்மா இருப்பாளா? சாமிக்குச் சேர வேண்டியதை இந்த மனுஷன் ஏரிக்கரையில் கரைக்கிறாரே என்று காலையில் பூரி, சாயங்காலம் போண்டா. யோகம் எனக்குத்தான். அவர் தள்ளிவைத்த தட்டெல்லாம் என் பக்கம் வந்தது.

கோயிலில் அம்மா அப்பாவின் பழைய எடைக்கே வெல்லம் இறக்கியிருந்தாள். அப்பா தட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தராசு சமமானபோது மூட்டையில் வெல்லம் மிச்சம் இருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு களை.

"மிச்சத்தைக் கடையில ரிட்டர்ன் பண்ணிடலாம்."

"சாமிக்குன்னு வந்தது திரும்பிப் போகாதுங்க," என்ற அம்மா, மூச்சு வாங்க என்னைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டாள்.

தட்டு தடாலென்று தரையில் இறங்கியது. மிச்ச வெல்லம் முழுக்க ஏற்றியும் அசையவில்லை. "குழந்தை நல்ல கனம்," என்றார் பட்டர். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா தட்டில் இருந்தபடியே, வாசல் கடையில் இன்னும் வெல்லம் வாங்கிவரச் சொல்லி, கூட வந்திருந்த சித்தப்பாவை விரட்டினார். என் மானம் கப்பலேறிவிட்டது. கொஞ்சமாவது லேசாகிவிட மாட்டேனா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரியில இவளைத் தூக்கினப்ப கையில கனமே இல்லைங்க. இப்பப் பாருங்க, எப்படிக் கனக்குறா," என்று அப்பாவிடம் சொல்லி அழுதாள்.

நான் குண்டானதற்குத்தான் அழுகிறாள் என்று பயந்துபோனேன். "அழாதம்மா, நாளையிலேர்ந்து நான் கொஞ்சமா சாப்பிடறேன்," என்றேன். நல்ல பிள்ளையாகத்தான் சொன்னேன். அதற்கு அவள் ஏன் சுற்றியிருந்தவர்களைக்கூடப் பார்க்காமல் என்னைக் கட்டிக்கொண்டு இன்னும் பெரிதாக அழுதாள் என்பது எனக்கு விளங்கவே இல்லை.