அப்ப நான் வாரேனுங்க

எனக்குப் புரிந்தது. அன்று அந்த மலைக்கணவாயின் உச்சிக்குச் சற்றுக் கீழே சலீம் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. புரியாதவளைப் போல வண்டியை முறுக்கிக்கொண்டு மேலே போனேன். அவருடைய இடது பாதம் இன்று மடங்காமல் கட்டை மாதிரி நிற்பதற்கு நான்தான் காரணம்.

இத்தனை வருடங்களாக நான் சொல்லி வருவது வேறு கதை. கோயமுத்தூரில் பெரிய பைக் ஓட்டுகிறவர்களில் அந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. நீங்களும் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் மறந்துவிடுங்கள்... அது பொய்!

என் பெயர் வேண்டாம். எந்தக் கணவாய் என்பதும் வேண்டாம். சொன்னால் இங்கே பாதிப் பேருக்கு ஆள் யார் என்று தெரிந்துவிடும். துடியலூரில் பம்புசெட்டு உதிரிப்பாகங்கள் வார்க்கும் பட்டறை எங்களுடையது. கணவர் வெளிவேலை பார்க்கிறார். உலையும் ஆட்களும் என் பொறுப்பு. உயரம் ஐந்தடிதான். நான் மலையேறும் வண்டி வாங்கிய நாளில் ஷோரூம்காரர் முதல் மாமியார் வரை எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றே: "கால் எட்டுமா?"

எட்டாது! எட்ட வேண்டியதில்லை. கரடுமுரடான மலைப்பாதையில் யார் உட்கார்ந்து ஓட்டுகிறார்கள்? மிதியில் எழுந்து நிற்க வேண்டும். முழங்கால்களால் டேங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டும். முன்சக்கரத்துக்கு முன்னால் கிடக்கும் கல்லைப் பார்க்காமல், போய்ச் சேர வேண்டிய வளைவைப் பார்க்க வேண்டும். மற்றதை வண்டி பார்த்துக்கொள்ளும். இதைக் கற்றுக்கொள்ள வால்பாறை வளைவுகளில் எத்தனை முறை விழுந்து எழுந்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. தற்பெருமை பேசுகிறேன் என்று நினைக்கிறீர்களா? ஆமாம், பேசுகிறேன். இந்த ஒப்புதலில் பொய் கலக்கக் கூடாது என்று உட்கார்ந்திருக்கிறேன். பெருமையை மறைத்தால் அதுவும் பொய்தான்.

சலீமுக்குக் கோட்டைமேட்டில் பித்தளைப் பாத்திரக் கடை. என்னைவிட இரண்டு வயது இளையவர், என்னை அக்கா என்பார். இருவரும் ஒரே மாதத்தில் ஒரே ரக வண்டி வாங்கினோம், அப்படித்தான் பழக்கம். அவருடைய மனைவியும் என் கணவரும் எங்கள் இருவரையும் சேர்த்து வைத்துத்தான் திட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கோத்தகிரி, கொல்லிமலை, கடம்பூர் என்று கிளம்பிவிடுவோம்.

எங்களுக்குள் ஒரு விதி உண்டு. இருவர் ஏறினால் இருவரும் சேர்ந்தே இறங்க வேண்டும். ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் மற்றவருக்கும் அன்றைய சவாரி முடிந்தது. அந்த விதியைப் போட்டவள் நான். ஒருமுறை கடம்பூர் மலையில் எனக்குக் குளிர்ஜுரம் கண்டது. சலீம் முகத்தைக்கூடச் சுளிக்காமல் வண்டியைத் திருப்பி, வழி முழுக்க எனக்குப் பின்னாலேயே ஊர்ந்து வந்தார்.

இமயமலைப் பயணத்துக்கு இருவரும் வெகுகாலம் திட்டம் போட்டோம். வண்டிகளை ரயிலில் அனுப்பிவிட்டுப் பின்னால் போய்ச் சேர்ந்தோம். பைக் கூட்டத்தில் சிலர், நான் பாதியிலேயே திரும்பி வருவேன் என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். அது எனக்குள் முள்ளாகக் கிடந்தது... அதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

கணவாய் ஏற வேண்டிய அன்று காலையில் சலீம் வாந்தி எடுத்தார். என்னவென்று கேட்டதற்கு, "தலை கொஞ்சம் பாரமாட்ட இருக்குதுங்க அக்கா" என்றார்.

கொஞ்சம்! எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் கொஞ்சம் என்று வாயைத் திறந்து சொன்னால் பாதி உயிர் போயிருக்கிறது என்று அர்த்தம். முடியாது என்று சொல்லத் தெரியாத மண் எங்களுடையது. மறுப்பதென்றாலும் நாலு 'ங்க' போட்டு, எதிராளியே புரிந்துகொண்டு விலகும்படி விட்டுவிடுவோம். அவர் எனக்கு அதைத்தான் செய்தார். நான் மாத்திரை ஒன்றைக் கொடுத்து, மேலே ஏறினால் சரியாகிவிடும் என்றேன். உயரத்தில் காற்று மெலிவதால் வரும் அந்த வியாதி மேலே ஏற ஏற முற்றும் என்பது எனக்குத் தெரியும்.

உச்சிக்குச் சற்றுக் கீழே பனி உருகிப் பாதையின் குறுக்கே ஓடுகிறது. வெயில் ஏற ஏற நீரும் ஏறும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முழங்கால் அளவுக்கு வந்திருந்தது. அடியில் உருண்டைக் கற்கள், மேலே நுரை. நான் முதல் கியரில் போட்டு, எழுந்து நின்று, அக்கரையில் ஒரு வெள்ளைப் பாறையைக் குறிவைத்து இறங்கினேன். நடுவில் பின்சக்கரம் வழுக்கிக்கொண்டு போனது. கிளட்சைத் தொடாமல் வேகத்தைக் கொடுத்தேன். வண்டி உதறிக்கொண்டு கரையேறியது. அப்பப்பா! அதை நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. அதைவிட நன்றாக நான் என் வாழ்நாளில் வண்டி ஓட்டியதில்லை.

ஹெல்மெட்டுக்குள் இருந்த பேசும் கருவியில் அவர் குரல் கேட்டது. "சூப்பரா தாண்டீட்டீங்க அக்கா." பிறகு மூச்சு வாங்கும் சத்தம் மட்டும். பிறகு சொன்னார்.

"நீங்க போங்க அக்கா. அப்ப நான் வாரேனுங்க."

நான் "சரிங்க" என்றேன்.

உங்களுக்கு விளக்க வேண்டுமா? எங்கள் ஊரில் எவரும் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. விருந்து முடிந்தாலும் வாரேனுங்கதான், கடைப் படி இறங்கினாலும் வாரேனுங்கதான். பின்னால் தொடர்ந்து வருகிறவரும் வாரேனுங்க என்றுதான் சொல்வார், அது உண்மை. ஆனால் 'அப்ப' என்று தொடங்கினால் அது விடைபெறுவது. அதில் இரண்டாவது பொருளே கிடையாது. எங்கள் ஊர்ச் சின்னக் குழந்தைக்கும் அது தெரியும். சலீம் என்னிடம் விடைபெற்றார். என்னால் முடியவில்லை, திரும்புகிறேன் என்றார்.

அவர் சொல்லாமல் விட்ட பாதியும் எனக்குக் கேட்டது. நீங்களும் கூட வாருங்கள் என்பதுதான் அது. விதி போட்டவளிடம் அதை வாய்விட்டுக் கேட்க அவருக்குக் கூச்சம்.

தலையை நிமிர்த்தினேன். உச்சியில் கட்டியிருந்த பிரார்த்தனைக் கொடிகள் படபடப்பது கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் ஏழெட்டு வளைவுகள்... அவ்வளவுதான்! இப்போது திரும்பினால் மறுபடி எப்போது? உலையை யார் பார்ப்பார்கள், பிள்ளையின் படிப்பு என்னாகும், உடம்பு ஒத்துழைக்குமா? ஊரில் காத்திருக்கும் அந்த இளிப்புக்கு என்ன பதில் சொல்வேன்? இவையெல்லாம் வந்து போக ஒரு நொடி ஆகியிருக்குமா? திரும்பிப் பார்க்காமல் ஏறினேன்.

உச்சியில் நான் அழுதேன். சலீமுக்காக அழவில்லை. ஆனந்தத்தில் அழுதேன்! செல்போனைக் கல்லின்மேல் சாய்த்துவைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். அந்தப் படம் பெரிதாக்கப்பட்டு இன்று பட்டறை முன்னறையில் தொங்குகிறது.

குற்றம் அதோடு நின்றிருந்தால்கூட ஒருவேளை உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசியிருப்பேன். மறுபக்கம் இறங்கியதும் ஒரு சோதனைச் சாவடி. தனியாகவா வந்தீர்கள் என்று கேட்டார்கள். நண்பர் பின்னால் வருகிறார் என்றேன். எப்படி அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது!

பொழுது சாய்ந்தும் அவர் வரவில்லை என்றதும் அவர்கள் ஜீப்பை எடுத்துக்கொண்டு உச்சி வரைக்கும் தேடப் போனார்கள். அவர் திரும்பிவிட்டார், அந்தப் பக்கம் கீழே சொல்லியனுப்புங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கீழ்ப்பக்கத்துச் சாவடிக்கு வயர்லெஸ்ஸில் தகவல் போயிருக்கும். நான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்? அப்படியானால் நீ ஏனம்மா மேலே வந்தாய்... அதற்குப் பயந்து, கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டு, அவர் இல்லாத பக்கத்தில் தேடப் போகும் ஜீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சலீம் இறங்குகிற வழியில் தலைசுற்றி ஒரு வளைவில் விழுந்திருக்கிறார். வண்டி அவர் இடது காலின்மேல். அதைத் தூக்குகிற தெம்பு இல்லை. பனித்தண்ணீர் ஒழுகுகிற இடத்தில் அப்படியே கிடந்திருக்கிறார். நன்றாக இருட்டிய பிறகு அவ்வழியே இறங்கிய லாரிக்காரர் ஒருவர்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். குளிரில் கால்விரல்கள் கறுத்துவிட்டன, மூன்றை எடுத்துவிட்டார்கள். கணுக்கால் நொறுங்கியிருந்தது, பிறகு கோயமுத்தூரில் கம்பி வைத்துக் கட்டினார்கள். உயிர் வந்தது, பாதம் மடங்கவில்லை. மோட்டார் சைக்கிளில் கியர் போடுவது இடது பாதம்தான் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் கண் விழித்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. "நான் கடைசியா என்னங்க அக்கா சொன்னேன்? ஒண்ணுமே நெனவில்லீங்க."

அவருக்கு நினைவில்லை! அங்கே வேறு எவரும் இல்லை. அந்த வாக்கியத்துக்கு இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் சாட்சி.

"'நான் வாரேனுங்க'ன்னீங்க சலீம். பின்னால வர்றீங்கன்னு நெனச்சுப்போட்டேன்" என்றேன்.

அப்ப என்பதை எடுத்துவிட்டேன். மூன்று எழுத்து. அவ்வளவுதான் நான் செய்தது!

அவர் அந்த வலியிலும் சிரித்தார். "என்ற வாயிதான் என்னையக் கெடுத்துப்போடுச்சு. திரும்பறேன்னு நேராச் சொல்லியிருக்கோணும். உங்களையும் பயப்படுத்திப்போட்டேன், மன்னிச்சுக்கோங்க அக்கா" என்றார். மன்னிப்புக் கேட்டவர் அவர். பரவாயில்லை என்று சொன்னவள் நான்.

அன்றிலிருந்து அது வேடிக்கைக் கதையாகிவிட்டது. அவிநாசி சாலையில் ஞாயிறு காலை நாங்கள் கூடும் ஓட்டலில் சலீமே அதை நடித்துக் காட்டுவார். கியர் இல்லாத ஸ்கூட்டரில் வந்து இறங்கி, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, புதிதாகச் சேர்ந்தவர்களிடம், மலை உச்சியில் போயும் மரியாதை பார்த்த கோயமுத்தூர்க்காரன் கதையைச் சொல்வார். கூட்டம் தோசையை விட்டுவிட்டுச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். என்னைப் பார்த்து, எங்கள் கூட்டத்தில் அந்தக் கணவாயைத் தாண்டிய முதல் பெண் இவங்கதான் என்று அவரே அறிமுகப்படுத்துவார். கல்லூரிகளில் என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள். தைரியத்தைப் பற்றிப் பேசிவிட்டு வருகிறேன்.

வெட்கமாக இல்லையா என்று கேட்கிறீர்கள். இருக்கிறது. வெட்கம் வந்தால் பெருமை தானாகப் போய்விடும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். போகவில்லையே! அந்தப் படத்தைக் கடக்கும்போதெல்லாம் இன்றும் நெஞ்சு நிமிர்கிறது. அந்தப் பனிநீர் ஓடையைத் தாண்டியது நான்தானே? அந்த வளைவுகளில் ஏறியது என் கைகள்தானே? அதைப் பொய் என்று எவராலும் சொல்ல முடியாது. எதற்காக அவரை விட்டுவிட்டுப் போனேனோ, அது எனக்கு இன்னும் இனிக்கிறது. ஐயோ, இதை எந்த வாயால் அவரிடம் சொல்வேன்?

போன வாரம் சலீம் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். அவருடைய மகள் ரிஸ்வானா படிப்பு முடித்து வேலைக்குப் போகிறாள். சொந்தச் சம்பளத்தில் வண்டி வாங்கிவிட்டாள். நன்றாக ஓட்டுகிறாள், வளைவில் அவள் உடம்பைச் சாய்ப்பதைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும். அத்தா தாண்டாத அந்தக் கணவாயைத் தான் தாண்டியே தீர வேண்டும் என்று நிற்கிறாள். சலீம் ஒரே நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். அவள் என்னோடுதான் போக வேண்டும்.

காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு அவர் மகளுக்குப் புத்தி சொன்னார். முடியலைன்னா முடியலைன்னு பட்டுன்னு சொல்லிப்போடு, உங்கத்தா மாதிரி இழுக்காதே, அத்தைகிட்ட உனக்கென்ன கூச்சம் என்றார். நான் தட்டிலிருந்த முறுக்கை உடைத்துக்கொண்டிருந்தேன்.

ரிஸ்வானா என் பக்கம் திரும்பினாள். "அத்தை, அன்னைக்கு அத்தா திரும்பிப் போறேன்னு நேராச் சொல்லியிருந்தா, நீங்களும் கூடத் திரும்பியிருப்பீங்கதானே?"

"இதென்ன கேள்வி கண்ணு" என்றார் சலீம். "அக்கா அந்த நிமிசமே திரும்பியிருப்பாங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அவர் முகத்தில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் நேராகவே சொல்லியிருந்தால்? அக்கா, நான் சாகப் போகிறேன், என்கூட வாருங்கள் என்றே சொல்லியிருந்தால்? கொடிகள் கண்ணுக்குத் தெரிந்த அந்த இடத்தில் நான் வண்டியைத் திருப்பியிருப்பேனா? எனக்குத் தெரியாது என்று இங்கே எழுதினால் அதுவும் பொய். எனக்குத் தெரியும்.

"திரும்பியிருப்பேன் கண்ணு" என்றேன். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

அவள் நிம்மதியாகச் சிரித்தாள். "அப்படின்னா நான் உங்களுக்குப் பின்னாலயே ஓட்டிக்கிறேன் அத்தை" என்றாள்.

ஆடி கழிந்ததும் கிளம்புகிறோம். முன்னால் போகப் போகிறவள் நான்தான்.