யோனாவின் செடியும் பொன்னம்மாவின் கூட்டும்

சந்தியாகுவுக்கு இருபத்தேழு வயது. படிப்பு, விவிலிய ஆராய்ச்சி. இதைக் கேட்டுவிட்டு யாரோ சாந்தமான ஆசாமி என்று நினைத்துவிடாதீர்கள். அப்படியொரு கிறுக்கனை மைசூர் அதற்குமுன் பார்த்ததில்லை. நோவாவின் பேழை எத்தனை நீளம் என்று கண்ணால் பார்த்துவிட வேண்டுமென்று மைதானத்தில் மண்டியிட்டு, முழங்கையால் முந்நூறு முழம் அளந்துகொண்டே போனவன் அவன். கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்கள் பயந்துபோய் வழிவிட்டார்கள். இருநூற்று நாற்பதாவது முழத்தில் ஒரு மாடு படுத்திருந்தது. அது விடவில்லை. பேழை இன்றுவரை அறுபது முழம் குறைச்சல்தான்.

சொந்த ஊர் மார்டள்ளி. அங்கே அவன் அப்பா, "எம்பட பையன் மைசூருல டாக்டருக்குப் படிக்கறானுங்க" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். எந்த டாக்டர் என்று மட்டும் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனால் போதும், கட்டியும் சிரங்குமாக நாலு பேர் வாசலில் காத்திருப்பார்கள். இந்த லட்சணத்தில் அவன் ஆய்வேட்டை, வழிகாட்டிப் பேராசிரியரான மஸ்கரேனஸ் சாமியார் இரண்டு தடவை திருப்பிக் கொடுத்துவிட்டார். மூன்றாவது தடவையும் திரும்பினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்புறம் அந்தச் சிரங்குக்காரர்கள் முகத்தில் எப்படி முழிப்பது?

ஆய்வுப் பொருள், யோனாவின் செடி. கதை சின்னதுதான். நினிவே பட்டணம் அழியப்போகிறது என்று யோனா போய் அறிவித்தார். ஜனங்கள் திருந்தினார்கள், கடவுளும் சரி போகட்டும் என்று விட்டுவிட்டார். யோனாவுக்கு வந்ததே கோபம்! ஊருக்கு வெளியே போய் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தார். கடவுள் பாவம் பார்த்து ஒரு செடியை முளைக்கவைத்து நிழல் கொடுத்தார். மறுநாளே ஒரு புழுவை அனுப்பி அதைத் தீர்த்தும் கட்டினார். 'நான் செத்தாலே தேவலை' என்று யோனா குதித்தார். 'நீ பாடுபடாத ஒரு செடிக்கு உனக்கு இவ்வளவு துக்கமா? வலக்கை இடக்கை தெரியாத அத்தனை ஜனங்களும் ஆடுமாடுகளும் இருக்கிற ஊர்மேல் எனக்கு இரக்கம் இருக்கக்கூடாதா?' என்று கேட்டார் கடவுள். அதற்கு யோனா வாயே திறக்கவில்லை. கதையும் அங்கேயே முடிந்துவிட்டது.

சந்தியாகு அந்தக் கேள்வி பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. அவன் கவலையெல்லாம் அந்தச் செடி சுரையா, ஆமணக்கா என்பதுதான். பெரிய பெரிய படிப்பாளிகள் காலங்காலமாக மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் அது.

"வாதம் சாக்கப்பா, போதும்!" என்றார் மஸ்கரேனஸ் சாமியார். மங்களூர்க்காரர், அவருடைய தமிழில் பாதி கன்னடம். "எனக்குத் தலைநோவு வந்துடுச்சு. நிழல்ல என்னை உக்காரவை. அப்புறம் நம்பறேன்."

உக்காரவைத்துவிட்டால் போச்சு என்று கிளம்பினான் சந்தியாகு. ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் மாணிக்கவாசகம் வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடும் ஜாகையும். மாணிக்கவாசகம் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். தங்கமான மனுஷன். ஆனால் சைக்கிளில் வலது கையை நீட்டிவிட்டு இடது பக்கம் திரும்புவார். அவர் மனைவி பொன்னம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட நீளம். யார் வந்தாலும் சோறு போட்டுவிடுவாள். வீட்டில் மூன்றாவதாக ஒரு எருமையும் உண்டு.

பின்கட்டில் இந்தப் பக்கம் ஆமணக்கு, அந்தப் பக்கம் சுரை என்று ஜனவரியில் விதை போட்டான். போட்டதோடு சரி. தண்ணீர் ஊற்றியது, சாம்பல் தூவியது, பந்தலில் கொடியை ஏற்றியது எல்லாம் பொன்னம்மா. இவன் தினம் உச்சிவெயிலில் ஒரு மணி நேரம் ஆமணக்கின் கீழே, ஒரு மணி நேரம் சுரையின் கீழே, அக்குளில் தெர்மாமீட்டரோடு உட்கார்ந்து குறிப்பு எழுதினான். ஏதோ சாமியார் தவம் இருக்கிறார் என்று நினைத்து, பக்கத்து வீட்டுக் கௌரம்மா தட்டில் வெற்றிலையும் இரண்டு வாழைப்பழமும் வைத்து எதிரே நகர்த்திவிட்டுப் போனாள். அவன் தலைநிமிராமல் பழத்தைத் தின்றுவிட்டு, 'பிற்பகல் 12.40, நிழல் போதாது' என்று எழுதினான்.

பொன்னம்மா போடும் சாப்பாட்டுக்கும் அதே கதிதான். குழம்பா ரசமா என்று பார்க்காமலே உள்ளே தள்ளிவிட்டு எழுந்து போவான்.

ஏப்ரலில் சுரை ஜெயித்தது. பந்தல் முழுக்க இலை. நடுவில் பச்சைக் குழந்தைபோல ஒரே ஒரு காய். அதன்மேல் மசியால் 'ஆதாரம் 1' என்று எழுதி வைத்தான். சனிக்கிழமை மத்தியானம் வருவதாக மஸ்கரேனஸ் சாமியார் வாக்குக் கொடுத்தார். "சாப்பாடு நம்ம வீட்லதான்," என்று பொன்னம்மா சொன்னது இவன் காதில் ஏறவே இல்லை.

சனிக்கிழமை விடியுமுன்னே கிளம்பிப் போய், மத்தியானம் சாமியாரை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்து, பெருமையாகப் பின்கட்டுக் கதவைத் திறந்தான்.

கொடியைக் காணோம். அந்த இடத்தில் புத்தம்புதுத் தென்னங்கீற்றுப் பந்தல், மாவிலைத் தோரணம், கீழே பாய். ஏணிமேல் நின்று மாணிக்கவாசகம் கடைசிக் கீற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். ஆமணக்கு மொட்டைக் குச்சியாக நின்றது.

"வாங்க சாமி, வாங்க!" என்று ஓடிவந்தாள் பொன்னம்மா. "காலையில பாக்கறேன், கொடி பூரா கம்பளிப்பூச்சி! பெரியவங்க தலையில பொத்துனு விழுந்தா நல்லாவா இருக்கும்? இழுத்துப் போட்டுட்டு அவரைக் கீத்துக் கட்டச் சொன்னேன். ஆமணக்கு இலைய கௌரம்மா முட்டிவலிக்குக் கட்டணும்னு கேட்டா, குடுத்துட்டேன்."

"காய்?" என்றான் சந்தியாகு.

"கடலைப்பருப்பு போட்டு கூட்டு வெச்சிருக்கேன். பிஞ்சா இருந்துச்சு தம்பி, வெண்ணெயாட்டம்."

நாலு மாசம்! சந்தியாகு நேராகப் போய் வெட்டவெயிலில் தரையில் உட்கார்ந்துவிட்டான். அழுகையும் ஆத்திரமுமாக மூக்கு விடைத்தது. "இதுக்கு நான் செத்துப்போறதே மேலுங்கக்கா!" என்று கத்தினான்.

பொன்னம்மா இடுப்பில் கை வைத்தாள். "அடேயப்பா! ஒரு சுரைக்கொடிக்கா இத்தனை கோவம்? வெதை போட்டதத் தவிர நீ என்ன பாடுபட்ட? தண்ணி ஊத்தினதும் நான், பந்தல்ல ஏத்தினதும் நான். அதுக்கு இப்படிப் பரிதாபப்படறியே, இந்த மனுஷன் மேல உனக்கு இரக்கம் வந்துச்சா? வலக்கை எது இடக்கை எதுன்னு தெரியாத மனுஷன், விடியறதுலேர்ந்து ஏணிமேல நின்னு கட்டியிருக்காரு! இந்த அமளியில எருமை வேற பட்டினி, வாயில்லா ஜீவன்!"

மஸ்கரேனஸ் சாமியார் வைத்த கால் வைத்தபடி நின்றார். "ஏனம்மா, இது உங்களுக்கு யார் சொல்லிக்குடுத்தது?"

"யாரு சொல்லணும்? எருமை கத்தறது கேக்கலியா?"

சாமியாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாயில் விழுந்து புரண்டு, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தியாகு சிரிக்கவில்லை. நாலு வருஷமாக அந்தக் கதையை மனப்பாடமாக வைத்திருந்தவன், அதில் செடியைத் தவிர எதையும் படித்ததில்லை. வெட்கமாக இருந்தது.

"செடியை விட்டுடு, சந்தியாகு," என்றார் சாமியார். "இந்தம்மா கேட்டாங்களே, அதை எழுது. நான் திருப்பிக் கொடுக்கமாட்டேன்."

சந்தியாகு எழுந்தான். முதலில் எருமைக்குப் புல்லை அள்ளிப் போட்டான். ஏணியைப் பிடித்து மாணிக்கவாசகத்தை இறக்கிவிட்டான். அவர் நன்றி சொல்லி இடது கையை நீட்டினார். அப்புறம் கை கழுவிவிட்டு வந்து இலைமுன் உட்கார்ந்தான். கூட்டைப் பிசைந்து வாய்வரை கொண்டுபோனவன், அப்படியே நிறுத்தித் தலைநிமிர்ந்து பார்த்தான்.

"ஏனுங்கக்கா, நீங்க சாப்ட்டீங்களா?"

பொன்னம்மாவின் கையிலிருந்த கரண்டி கூட்டுக்குள்ளேயே விழுந்தது.

மறுவருஷம் அவனுக்குப் பட்டம் வந்தது. மார்டள்ளியில் சிரங்குக்காரர்கள் மாலை போட்டார்கள். பொன்னம்மா அதையெல்லாம் காதில் வாங்கவே இல்லை. "என்னைச் சாப்ட்டீங்களான்னு கேட்டான் கௌரம்மா, அந்தப் பையன்!" என்று வேலிக்கு மேலாக இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள்.