பத்தடியில் கட்டிய நூல்

தியாகதுருகத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த பொன்னுரங்கம், கேமரா லென்ஸைப் பத்தடி தூரத்துக்குத் திருப்பி, தையல் நூலால் கட்டியே வைத்திருப்பார். கல்யாணமோ காதுகுத்தோ, ஆளைப் பத்தடியில் நிறுத்தினால் முகம் பளிச்சென்று விழும். மாப்பிள்ளையே ஓரடி நகர்ந்தாலும் திட்டு நிச்சயம். பன்னிரண்டு வருஷப் பிழைப்பு அந்த முடிச்சில்தான் ஓடியது.

எண்பத்தேழு செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு ரோட்டில் புளியமரத்தைச் சாய்த்தார்கள். மேகம் மூடிய சாயங்காலம். வெளிச்சம் போதாததால் லென்ஸின் வாயை முழுசாகத் திறந்து ஒரு படம் எடுத்தார்; அப்படித் திறந்தால் பத்தடியை விட்டு விலக விலக எல்லாம் மங்கும். பெருமை தாங்காமல் கடை வாசலில் மாட்டினார். மூன்றாம் நாள் போலீஸ் அந்தப் படத்தையும் தூக்கியது, சட்டையை வைத்து அடையாளம் கண்டு, படத்தில் இருந்த அவருடைய அக்கா மகன் சுபாஷையும் தூக்கியது.

ஸ்டேஷனுக்கு ஓடிய பொன்னுரங்கத்திடம் எஸ்.ஐ. படத்தைத் தட்டிக் காட்டினார். “கோடாலிக்காரன் பக்கத்துலயே நிக்கிறான் பாரு.”

“கேமராவுலருந்து முப்பதடியில நிக்கினு இருந்தான் ஐயா. கோடாலிக்காரன் பத்தடி, தெளிவா இருக்கான். எங்க பையன் மங்கல்.”

“ஆடியிருப்பான்.”

“அவன் பக்கத்துல ஸ்டாண்டு போட்ட சைக்கிளும் மங்கலுங்க. அதுவுமா ஆடும்?”

ஏட்டு மாயவன் சிரித்துவிட்டார். எஸ்.ஐ. சிரிக்கவில்லை. “அஞ்சடியில நின்னாலும் மங்கும் இல்ல?”

அது பொன்னுரங்கத்துக்கும் தெரியும். மங்கும்தான். முன்னாலா பின்னாலா என்று மங்கல் சொல்லாது. வாசலில் கடலூர் ஜெயிலுக்குப் போகும் வேன் நின்றிருந்தது. கம்பிக்குப் பின்னால் சுபாஷ்.

படத்தை மூக்கோடு ஒட்டிவைத்துத் தேடினார். விழுந்த மரத்தின் கிளை ஒன்று, இலையை எண்ணலாம் போலத் தெளிவாக, சுபாஷின் முழங்காலை மறைத்திருந்தது.

“கிளை அவனை மறைக்குதுங்க ஐயா. அப்போ அவன் பின்னாலதான்.”

“சரி, பின்னால. பதினஞ்சடியா, முப்பதா? இன்னா அத்தாட்சி?”

தோளில் தொங்கிய கேமராவின் முடிச்சை அவிழ்க்காமல், லென்ஸை அன்றுபோலவே திறந்து, ஏட்டை முதலில் பதினைந்தடியிலும் பிறகு முப்பதடியிலும் நிறுத்தி எடுத்தார். கடைக்கு ஓடினார். இருட்டறைத் தட்டில் ஏட்டின் முகம் மெல்ல எழும்பியது. பதினைந்தடியில் மீசை தெரிந்தது. பிறகு முப்பதடிப் படத்தைத் தட்டில் போட்டார். ஒரு படம் தெளியக் கூடாது என்று அவர் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. மீசை தெரியவில்லை. வெறும் கறுப்புத் தீற்றல், சுபாஷுக்கு இருந்த அதே தீற்றல்.

ஈரப் படங்களோடு திரும்பியபோது வேன் போய்விட்டிருந்தது.

நாற்பது நாள் கழித்து, கோர்ட்டில் அந்தப் படங்களைக் காட்டித்தான் சுபாஷ் வெளியே வந்தான். இளைத்திருந்தான். “அந்தப் போட்டோவுல என் மூஞ்சியே தெரியலியாமே மாமா. எடுக்கிறதுதான் எடுத்தீங்க, கொஞ்சம் தெளிவா எடுக்கக் கூடாதா?”

பொன்னுரங்கம் அவன் சட்டைக் காலரைப் பிடித்தவர், பஸ் வரும்வரை அவனை ஓரடிகூட நகர விடவில்லை.