சாமி படத்தின் முன் வைத்த நோட்டீஸ்

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. பெங்களூர் நீலசந்திராவில் ஒரு சந்துக்குள் குடியிருந்தோம். குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பீன்யாவில் என் கணவர் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டதால் அவர் தினக்கூலிக்கு அலைந்துகொண்டிருந்தார். கூலி கிடைக்காத நாட்களில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது ஒரு கிரைண்டரால்தான். அக்கம்பக்கத்தார் ஊறவைத்துக் கொண்டுவரும் அரிசியையும் உளுந்தையும் முன்னறையில் அரைத்துக் கொடுப்பேன். அதற்கு லைசென்ஸ் வேண்டும் என்பது எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

ஒருநாள் மதியம் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தபோது கார்ப்பரேஷன் அதிகாரி ஒருவர் வந்தார். புது ஆட்களிடம் நான் முகம் பார்த்துப் பேசமாட்டேன். கதவோரம் நின்றேன். கன்னடத்தில் ஏதேதோ கேட்டார், முழித்தேன். கடைசியில் கிரைண்டரைக் காட்டி, "பரவானகி இல்லா!" என்று சத்தமாகச் சொன்னார். அந்த இரைச்சலில் என் காதில் "பரவாகில்லா" என்று விழுந்தது. எனக்குத் தெரிந்த நாலைந்து கன்னட வார்த்தைகளில் அது ஒன்று. சில்லறை குறைந்தால் காய்கார அம்மா சொல்வது, நம் 'பரவாயில்லை'தான். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்து, நானும் தலையாட்டி, "பரவாகில்லா சார், பரவாகில்லா" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, முத்திரை குத்திய தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். முழுக்கக் கன்னடம். அனுமதிச் சீட்டு என்று நினைத்தேன். குங்குமம் வைத்து சாமி படத்தின் முன் வைத்தேன். வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினேன். என் கணவருக்கும் கன்னடம் படிக்கத் தெரியாது.

ஒரு மாதம் கழித்து அதே அதிகாரி இரண்டு ஆட்களோடு வந்தார். வாசலில் தள்ளுவண்டி. ஆட்கள் நேராக உள்ளே வந்து ஒயரைப் பிடுங்கினார்கள். உளுந்து பாதி அரைபட்டு நின்றது. ஓடிப்போய் அந்தத் தாளை எடுத்துவந்து நீட்டினேன்.

"நீங்க குடுத்ததுதானே சார்? நீங்கதானே பரவாகில்லான்னு சொன்னீங்க?"

ஆட்களில் ஒருவர் தமிழர். வாங்கிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அக்கா, இது மூடச் சொல்ற நோட்டீசு! பரவானகின்னா லைசென்சு. இதுக்கா பூஜை போட்டே?"

பூமிக்குள் போய்விடலாமா என்றிருந்தது. அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. குங்குமம் அப்பிய தன் நோட்டீஸையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒயரைத் திரும்ப மாட்டச் சொன்னார். "நாளெ ஆபீஸுக்கு பாம்மா, அர்ஜி எழுதலாம்" என்று இரண்டு மொழியும் கலந்து சொல்லிவிட்டு, வெறும் வண்டியோடு போனார்.

மறுநாள் போனேன். விண்ணப்பம் நிரப்பிய கிளார்க் நன்றாகத் தமிழ் பேசினார்.

"பிரைவேட் லிமிடெட்டா, பார்ட்னர்ஷிப்பாம்மா?"

"ஒரே ஒரு கிரைண்டர் சார்."

"அப்ப ஓனரும் நீங்க, லேபரும் நீங்க. கம்பெனி பேரு?"

பெயரா? யோசித்தேன். தெருவில் எல்லோரும் 'மாவு வீடு' என்பார்கள். அதையே சொன்னேன். அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். ஓனர் என்ற இடத்தில் என் பெயர். ரேஷன் கார்டில்கூட இன்னாரின் மனைவி என்றுதான் இருந்தேன்.

அப்போதுதான் மேலதிகாரி அறையிலிருந்து வெளியே வந்தார். நோட்டீஸ் கெடு முடிந்தும் மெஷினை ஏன் எடுத்துவரவில்லை என்று எங்கள் வீட்டுக்கு வந்த அதிகாரியிடம் எல்லோர் முன்னாலும் கன்னடத்தில் சத்தம் போட்டார். 'நோட்டீஸ்', 'மெஷின்' என்ற வார்த்தைகள் எனக்கே புரிந்தன. நான் பெஞ்சில் ஒடுங்கிப்போனேன். இதோ, இப்போது என்னைக் கை காட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. "நந்தே தப்பு சார்" என்றார். என் தப்புதான் என்று. அந்த அம்மாவுக்குக் கன்னடம் வராது, புரியும்படி சொல்லியிருக்க வேண்டியது நான்தான் என்றாராம். பிறகு கிளார்க் சொன்னார். மேலதிகாரி ஏதோ முணுமுணுத்துவிட்டு, என் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். அபராதத்தோடு கட்டவேண்டியதைக் கட்டிவிட்டு வந்தேன். அவரிடம் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

அந்த ஒரு கிரைண்டர் இன்று மூன்றாகிவிட்டது. லைசென்ஸை வருடம் தவறாமல் புதுப்பித்து, எல்லோரும் படிக்கும்படி வாசலில் மாட்டியிருக்கிறேன். இப்போது கன்னடம் நன்றாகவே பேசுகிறேன். ஆனாலும் ஒருவர் அரிசியில் இன்னொருவருடைய உளுந்தை நான் கொட்டிவிட்டு, பழியை யார் மேல் போடலாம் என்று மனசு தேடும்போதெல்லாம், இரண்டு மொழியிலும் ஒன்றாகவே இருக்கும் அந்த 'தப்பு' என்ற வார்த்தையை, தனக்குச் சொந்தமில்லாதபோதும் தன்னுடையது என்று சொன்ன அந்த மனிதரின் குரல் காதில் விழுகிறது.