மெர்சி அக்கா சுமந்த என் பிழை

மீன் பையோடு சந்தையை விட்டு வெளியே வரும்போதுதான் தொலைபேசி அடித்தது. எங்களோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்த ஓட்டமாவடி பரீதா. “மெர்சி அக்கா போயிட்டா புள்ள. விடிய ஆறு மணிக்கு, பெரியாசுபத்திரியில” என்றாள். எனக்கு உடனே அழுகை வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது நிம்மதி. என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஒரே ஆள் போய்விட்டார் என்ற கேடுகெட்ட நிம்மதி. அதற்குப் பிறகுதான் வீதியோரத்தில் நின்று அழுதேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதும்படி அவருடைய வீட்டார் கேட்டார்கள். “கோபக்காரி, ஆனால் மனம் தங்கம்” என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கலாம். அப்படி எழுதினால் என் கை அழுகிப்போகும்.

அவரை அறியாதவர்களுக்காக: மெர்சி அக்கா மட்டக்களப்பு நகரத்தில் போர்த்துக்கேய வழிவந்த பறங்கிக் குடும்பம். அப்பா தச்சர். அதனாலோ என்னவோ, அவருடைய மேசையில் பேனையைவிடக் குறடும் திருப்புளியும்தான் அதிகம். போர் திரும்பவும் மூண்ட காலத்தில், இடம்பெயர்ந்தவர்களுக்கும் காயப்பட்டவர்களுக்கும் உதவும் ஒரு சிறிய நிறுவனத்தில் நாங்கள் வேலை செய்தோம். ஏழு கம்ப்யூட்டர். எல்லாவற்றையும் ஒன்றாய் இணைத்து வைத்து, ஒரேயொரு தொலைபேசிக் கம்பியில் இன்டர்நெட். அந்த ஏழுக்கும் அவர்தான் பொறுப்பு. நான் குருக்கள்மடத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் மொழிபெயர்ப்பாளர்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மெர்சி அக்காவைத் தவிர யாருமே கம்ப்யூட்டருக்குக் கடவுச்சொல் போடுவதில்லை. சோம்பல் அல்ல, காரணம் வேறு. காலையில் வீட்டைவிட்டு இறங்குகிறவர் அலுவலகம் வந்து சேர்வார் என்பதற்கு உத்தரவாதமில்லை. வீதியை மறிப்பார்கள், ஆளை இறக்குவார்கள், கடத்திப்போக வெள்ளை வான் வரும். ஒருவர் வராமல் போனால் மற்றவர் அவருடைய கதிரையில் உட்கார்ந்து வேலையைத் தொடரவேண்டும். அப்படி இரண்டு கதிரைகள் எங்களிடம் வெறுமையாயின. திறந்து கிடந்த கம்ப்யூட்டர்தான் எங்களுக்கு ஒற்றுமையாகத் தெரிந்தது.

மெர்சி அக்காவுக்கு அது பிடிக்காது. “நீ செத்தா உன்ட கம்ப்யூட்டர நான் துறப்பன். அதுக்கு எனக்கு வழி தெரியும். உயிரோட இரிக்கிற மட்டும் பூட்டி வை கா!” என்று கத்துவார். கடவுச்சொல்லை எழுதி உறையில் ஒட்டி அலுமாரியில் வைக்கச் சொன்னார். நாங்கள் சிரித்தோம். என் கம்ப்யூட்டர் நத்தையாய் ஊர்கிறதென்று வைரஸ் தடுப்பையும் நான் நிறுத்தி வைத்திருந்தேன். அவர் அதைக் கண்டுபிடித்த அன்று மேசையில் குறடால் ஓங்கி அடித்தார். “உன்ட வீட்டு நாய்க்கு விசர் புடிச்சா உன்ன மட்டுமா கடிக்கும்? தெருவில போறவனயும் கடிக்கும்” என்றார். அன்றைக்குத் தடுப்பைப் போட்டேன். அடுத்த வாரம் திரும்பவும் நிறுத்தினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரிலுள்ள நெட் கடையில் ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து பென்டிரைவில் கொண்டுவந்தேன். திங்கட்கிழமை காலையில் அதைச் செருகினேன். நான் செய்தது அவ்வளவுதான்.

அன்று காலையிலிருந்தே படுவான்கரைப் பக்கம் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. வாவிக்கு இக்கரையில் எங்கள் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. கைத்தொலைபேசிச் சேவையை நிறுத்தியிருந்தார்கள். மெர்சி அக்காவின் தம்பி எட்வின்தான் எங்கள் வான் சாரதி. கரடியனாற்றில் காயப்பட்ட ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு இராணுவக் காவலரண் வரைக்கும் வந்துவிட்டார். உள்ளே விடவேண்டுமென்றால் ஒன்பது பேருடைய பெயரும் எழுத்தில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து அனுமதி வரவேண்டும். பேக்ஸ் மெஷின் பழுது. மிஞ்சியிருந்தது ஈமெயில் மட்டும்.

எட்வின் வானிலிருந்த ரேடியோவில் பெயர்களைச் சொன்னார். மெர்சி அக்கா தட்டச்சு செய்து அனுப்பினார். போகவில்லை. திரும்ப அனுப்பினார். போகவில்லை. அந்த ஒற்றைக் கம்பியை ஏதோ அடைத்துக்கொண்டு நின்றது.

“அக்கா, லிஸ்ட் போயிற்றா? இஞ்ச ஒரு புள்ளைக்கு ரத்தம் நிக்குதில்ல.”

“போகுது எட்வின், போகுது. கொஞ்சம் பொறு.”

பின்னால் ஒரு பெண் அலறுவது ரேடியோவில் கேட்டது. மெர்சி அக்கா எழுந்து ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் பார்க்கத் தொடங்கினார். கடவுச்சொல் இல்லாத வழியில் நுழைந்து வைரஸ் அவருடையதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பரவியிருந்தது. யாரென்றே தெரியாதவர்களுக்கு ஆயிரக்கணக்கில் குப்பைக் கடிதங்களை அவை அனுப்பிக்கொண்டிருந்தன. அவர் வயர்களைப் பிடுங்கினார், வராதவற்றைக் குறடால் வெட்டினார், குறுக்கே நின்ற கதிரையை உதைத்துத் தள்ளினார். இதற்குள் நாற்பது நிமிடம் போய்விட்டது. கடைசியாக என் கம்ப்யூட்டருக்கு வந்தார். அதில் செருகியிருந்த பென்டிரைவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த வயரையும் வெட்டினார்.

பெயர்கள் மூன்று நிமிடத்தில் போயின. சற்று நேரத்தில் அனுமதியும் வந்தது. மெர்சி அக்கா ரேடியோவை எடுத்து, “எட்வின், விடுறாங்களாம், வா” என்றார். பதில் இல்லை. “எட்வின், வாடா.” அதற்கும் பதில் இல்லை. வானில் விழுந்தது எந்தப் பக்கத்திலிருந்து வந்த ஷெல் என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. வானுக்குள் உயிரோடு மிஞ்சியவர்கள் நான்கு பேர். எட்வினின் உடலை அடையாளம் காட்டப் போனவரும் அக்காதான்.

திரும்பி வந்தவர் என்னைக் களஞ்சிய அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார். கன்னத்தில் அறைந்தார். இரண்டாம் அறையில் என் உதடு கிழிந்தது. நான் காலில் விழுந்து, “எல்லார்க்கிட்டயும் நானே சொல்லுறன் அக்கா” என்றேன்.

என் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினார். “வாயத் துறந்தா நான்தான் உன்னக் கொல்லுவன். எட்வின்ட மச்சான்மார் துவக்கோட திரியிறானுகள். உன்ட பேரு வெளிய வந்தா விடியமுதல் உன்னத் தூக்கிருவானுகள். ஒரே நாளில ரெண்டு சாவு என்னால ஏலா.”

அறிக்கையில், கருவிகளைச் சரியாகப் பராமரிக்காதது தன்னுடைய பிழை என்று எழுதிக் கையெழுத்திட்டார். அவர் சொந்த அக்கா என்பதால் அந்த மச்சான்மார் துவக்கைத் தூக்கிச் சுட வரவில்லை. ஆனால் அடக்கத்தன்று எட்வினின் மனைவி புஷ்பா அவருடைய சட்டையைப் பிடித்து உலுக்கி, “உன்ட தம்பியச் சாகடிச்சது நீதான்டி” என்று முகத்தில் துப்பினார். மெர்சி அக்கா துடைக்காமல் நின்றார். பக்கத்தில் அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

அதற்குப் பிறகும் பல வருடங்கள் ஒன்றாக வேலை செய்தோம். அவர் என்னிடம் ஒருநாளும் இனிமையாகப் பேசவில்லை. ஒருநாளும் பழியைச் சொல்லிக் காட்டவுமில்லை. தம்பியின் பிள்ளைகளை அவர் பார்க்கப் போனால் புஷ்பா கதவைத் திறக்கமாட்டார். போர் முடிந்து, துவக்குகள் போன பிறகு, “இப்ப சொல்லட்டா அக்கா?” என்று ஒரேயொரு முறை கேட்டேன். வேண்டாமென்று சொல்லிவிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டுதான் கேட்டேன். “உனக்கு ரெண்டு புள்ள இரிக்கி. வேலயப் பாரு” என்றார். அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இத்தனை காலம் இருந்துவிட்டேன்.

மெர்சி அக்காவின் அடக்கத்துக்கும் புஷ்பா வரவில்லை. நான் இதை எழுதுவது உண்மையில் புஷ்பாவுக்குத்தான்.

மெர்சி அக்காவின் அந்தக் குறடு எனக்கு வேண்டுமா என்று அவருடைய வீட்டார் கேட்டார்கள். நான் வாங்கவில்லை. அவரிடமிருந்து எடுத்தது ஏற்கெனவே என்னிடம் அதிகம். அன்று களஞ்சிய அறையில் அவர் எனக்குத் தந்த உயிர், அதற்குப் பிறகு நான் பெற்ற பிள்ளைகள், தின்ற சோறு, தூங்கிய தூக்கம். அவையெல்லாம் ஒரு பெண்ணின் முகத்தில் விழுந்த எச்சிலால் வந்தவை.

புஷ்பா அக்கா, உங்கள் கணவரின் சாவோடு இத்தனை வருடமும் பிழையான பெயரைச் சேர்த்துச் சொல்லி வந்தீர்கள். சொல்லவேண்டிய பெயர் வசந்தி. குருக்கள்மடத்தில்தான் இருக்கிறேன்.